தாயம் விழுமா? – சாராத நிகழ்ச்சிகளும் சார்ந்த நிகழ்ச்சிகளும்

சங்க மலரில் இலக்கியம், கோயில், இசை என்று அறிஞர்கள் எழுதும் பக்கங்களுக்கு நடுவே கணக்குப் பாடமா என்று அன்பர்கள் மிரள வேண்டாம். இது பரீட்சைக்கான கணக்கு அல்ல. வீட்டில் நடக்கும் கணக்கு. இதை எழுதும் நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். நாற்பது ஆண்டுகளாக மும்பை லோஹார் சாலில் மின்சாதனப் பொருள்களை மொத்தமாக வாங்கி விற்கிறேன். மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஃபவுண்டன் நடைபாதைக் கடைகளில் வாங்கிய பழைய கணித நூல்களைப் புரட்டிப் புரட்டியே எனக்கு இந்தப் பித்து பிடித்தது.

நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் 'பிராபபிலிட்டி'க்குத் தமிழில் நிகழ்தகவு என்று பெயர். மராத்தியில் சம்பாவ்யதா, இந்தியில் பிராயிகதா. ஒரு காரியம் நடக்கவே நடக்காது என்றால் 0, நடந்தே தீரும் என்றால் 1, மற்றதெல்லாம் இடையில் ஒரு பின்னம். இது சுலபம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒன்றுக்கு இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கும் வாய்ப்பு என்ன என்று கேட்கும்போதுதான். 'இரண்டு பின்னங்களையும் பெருக்கு' என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எப்போது பெருக்கலாம், எப்போது அப்படியே பெருக்கக் கூடாது என்று கேட்டால் விழிப்பார்கள். பிள்ளைகளை ஏன் சொல்ல வேண்டும்? பெரிய பட்டம் பெற்ற ஒருவர் நீதிமன்றத்தில் நின்று இதே இடத்தில் சறுக்கி, ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பிய கதை பின்னால் வருகிறது.

முதலில் தாயம் ஆடுவோம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். உருட்டினால் மொத்தம் 4 × 4 = 16 விதமாக விழலாம். தாயம் என்பது ஒன்று. ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் விழ வேண்டும். முதல் கட்டை வெறுமை, இரண்டாவது ஒன்று. அல்லது முதல் கட்டை ஒன்று, இரண்டாவது வெறுமை. ஆக 16இல் 2, அதாவது 8இல் 1. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அதற்கு ஒரே வழிதான், 16இல் 1. மூன்று விழ நான்கு வழி உண்டு. அதனால்தான் மூன்று அடிக்கடி வந்து எரிச்சலூட்டும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலே நம் பாட்டிமார் தாயத்துக்கும் பன்னிரண்டுக்கும் மறு ஆட்டம் கொடுத்தார்கள், மூன்றுக்குக் கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பெருக்கலைக் கவனியுங்கள். பன்னிரண்டு விழ 4இல் 1 பெருக்கல் 4இல் 1 என்று போட்டால் 16இல் 1 வருகிறது. ஏன் பெருக்குகிறோம்? 1600 தடவை உருட்டினால் முதல் கட்டை வெறுமையாக விழுவது ஏறத்தாழ 400 தடவை. அதிலும் இரண்டாவது கட்டை வெறுமையாக விழுவது எத்தனை? அந்த 400இல் கால் பங்கு, 100. பெருக்கல் என்பது இந்த 'அதிலும்' என்ற சொல்தான். மொத்தத்தில் எத்தனை என்று கேட்கவில்லை. முதலாவது நடந்த இடங்களில் மட்டும் நின்று, அதிலும் எத்தனை என்று கேட்கிறோம். முதல் கட்டை என்னவாக விழுந்தாலும் இரண்டாவதற்கு அது தெரியாது. ஆகவே மொத்தத்தில் என்ன பங்கோ அதே பங்குதான் 'அதிலும்'. இப்படி ஒன்றின் சேதி மற்றொன்றுக்குப் போகாத நிகழ்ச்சிகளைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். சேதி போய்விட்டால் அவை சார்ந்த நிகழ்ச்சிகள். அப்போது 'அதிலும்' உள்ள பங்கு வேறாகிவிடும். அந்த வேறு பங்கை நிபந்தனை நிகழ்தகவு என்று பாடநூல் சொல்லும். பெருக்கல் அங்கேயும் உண்டு. ஆனால் இரண்டாவது பின்னம் மாறிவிடுகிறது. சூத்திரம் இவ்வளவுதாங்க. மற்றதெல்லாம் எங்கே சேதி போகிறது என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியம்.

கட்டைக்கு அடுத்த கட்டை மட்டுமல்ல, முந்தின ஆட்டமும் நினைவிருக்காது. தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு தடவை உருட்டியும் தாயம் விழவில்லை என்றால், 'எட்டில் ஒன்றுதானே, இனி விழுந்தே ஆகணும்' என்பார்கள். எட்டு தடவையும் விழாமல் போகும் வாய்ப்பு 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் கிடைக்கும்: ஏறத்தாழ 34 சதவீதம். மூன்று பேர் ஆடினால் ஒருவருக்கு இந்தக் கதிதான். ஒன்பதாவது உருட்டலிலும் வாய்ப்பு அதே 8இல் 1; கட்டை யாருக்கும் கடன்படவில்லை. 1960களில் இதே மும்பையில் கிளம்பிய மட்காவில், பழைய எண்களை எல்லாம் நோட்டில் எழுதி வைத்து 'இன்று 7 வர வேண்டிய முறை' என்று பணம் கட்டி அழிந்தவர்கள் எத்தனை பேர்! சூதில் மோசடி இல்லாவிட்டால் நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உறவில்லை. மோசடி இருந்தால் உறவு உண்டுதான். ஆனால் அது கட்டுகிறவனுக்குச் சாதகமாக இராது. ஏழு வியசனங்களில் சூதை எங்கள் பெரியவர்கள் முதலில் வைத்தது சரிதான்.

சார்ந்த நிகழ்ச்சிக்கு என் கடைச் சரக்கே போதும். ஒரு பெட்டியில் 10 பல்பு, அதில் 2 கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எடுக்கிறேன், நல்லதாக இருக்க 10இல் 8. அதைத் திரும்ப வைக்காமல் இன்னொன்று எடுக்கிறேன். இப்போது பெட்டியில் 9 பல்பு, நல்லது 7. ஆகவே இரண்டும் நல்லதாக இருக்க 8/10 × 7/9, ஏறத்தாழ 62 சதவீதம். முதல் பல்பைத் திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தால் 8/10 × 8/10, அதாவது 64 சதவீதம். பாடநூலில் சார்ந்த நிகழ்ச்சி என்றால் இந்த மாதிரிதான் போட்டிருப்பார்கள், பல்புக்குப் பதில் சிவப்புப் பந்து நீலப் பந்து என்று. 10 பல்புக்குப் பதில் 10,000 பல்பு உள்ள குவியலில் இருந்து இரண்டு எடுத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால் பிள்ளைகள் 'சார்ந்த நிகழ்ச்சி என்றால் சும்மா இரண்டு சதவீத வித்தியாசம்' என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குப் பாடநூல் மேல் வருத்தம்.

வியாபாரத்தில் சரக்கு அப்படிக் குலுக்கி வருவதில்லை. ஒரு நாள் ஓட்டத்தில் இழை சரியில்லாமல் போனால் அந்த ஓட்டத்துப் பல்பு முழுக்கக் கெட்டது, மற்ற நாள் சரக்கு முழுக்க நல்லது. ஒரு கணக்குக்கு, 10 பெட்டியில் 1 பெட்டி முழுதும் கெட்டது, 9 பெட்டி முழுதும் நல்லது என்று கொள்வோம். ஏதாவது ஒரு பல்பு கெட்டதாக இருக்க 10இல் 1. ஒரே பெட்டியில் இரண்டு எடுத்தால் இரண்டும் கெட்டதாக இருக்க? பெருக்கிப் பார்ப்பவர் 100இல் 1 என்பார். உண்மை 10இல் 1. ஏனென்றால் முதல் பல்பு கெட்டது என்று தெரிந்த உடனே நாம் எந்தப் பெட்டியில் கை வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. அதிலும் இரண்டாவது கெட்டது என்பது நிச்சயம், 1. இங்கே பெருக்கல் பத்து மடங்கு பொய் சொல்கிறது. முந்தின கணக்கில் ஒரு கெட்ட பல்பை எடுத்துவிட்டால் அடுத்தது கெட்டதாக இருக்கும் வாய்ப்பு குறைந்தது. இந்தக் கணக்கில் கூடுகிறது. சார்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைச் சரக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், சூத்திரத்தைப் பார்த்து அல்ல. பழைய சில்லறைக் கடைக்காரர்கள் ஒரு பெட்டியில் இரண்டு போட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு பெட்டியை உடைக்கச் சொல்வார்கள். அவர்கள் எந்தப் புத்தகமும் படித்ததில்லை.

இரண்டு காரியத்துக்கும் பின்னால் ஒரே காரணம் நிற்கும்போது வரும் இந்த வகைச் சார்புதான் ஆபத்தானது. எங்கள் தெருவில் ஒரு வியாபாரி சரக்கைக் குர்லாவில் ஒரு கிடங்கிலும் காலினாவில் ஒரு கிடங்கிலுமாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றது இருக்கும் என்பது அவர் கணக்கு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி நதி பொங்கி இரண்டு கிடங்கிலும் தண்ணீர் புகுந்தது. ஒரு கிடங்கு மூழ்க 20இல் 1 என்று வைத்துப் பெருக்கினால் இரண்டும் மூழ்க 400இல் 1 வரும். ஆனால் இரண்டும் குடித்தது ஒரே ஆற்றுத் தண்ணீர். தீ விபத்துக்கு அவை இரண்டு கிடங்கு. வெள்ளத்துக்கு ஒரே கிடங்கு. எதிலிருந்து பிரிக்கிறோம் என்று கேட்காமல் பிரித்து வைத்துப் பயனில்லை.

இடையில் ஒரு வார்த்தை. எங்கள் சமண மரபின் சியாத்வாதமே நிகழ்தகவுதான் என்று மேடைகளில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் 1950களில் இந்த ஒப்புமையைப் பற்றி எழுதியது உண்மை, ஹால்டேனும் எழுதினார். ஆனால் அவர்கள் சொன்னது சிந்தனைப் போக்கில் உள்ள உறவு. 'ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை' என்று சொல்வதும், 8இல் 1 என்று அளந்து சொல்வதும் ஒன்றாகாது. பெருமைக்காக இரண்டையும் ஒன்றாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: 9ஆம் நூற்றாண்டில் மகாவீராசாரியார் தம் கணிதசாரசங்கிரகத்தில், பல பொருள்களில் சிலவற்றை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்குப் பொது விதியே தந்திருக்கிறார். தாயத்தின் 16 வழிகளை எண்ணினோமே, எண்ணிப் பார்க்கும் அந்தக் கலைக்கு அது மூத்த படி.

இனி அந்த நீதிமன்றத்துக்குப் போவோம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வழக்கறிஞருக்கு முதல் குழந்தை 1996 டிசம்பரிலும் இரண்டாவது குழந்தை 1998 ஜனவரியிலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டன. காரணம் தெரியாமல் தூக்கத்தில் குழந்தை இறப்பதைத் தொட்டில் மரணம் என்று அங்கே சொல்வார்கள். இவரோ இரண்டையும் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அரசுத் தரப்புச் சாட்சியாக வந்த புகழ்பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர், புகை பிடிக்காத, வருமானம் உள்ள இப்படிப்பட்ட குடும்பத்தில் தொட்டில் மரணம் 8,543இல் 1 என்றார். அப்படியானால் இரண்டு குழந்தை? 8,543 × 8,543. ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் 1. இந்த எண் ஜூரிகளின் காதில் எப்படி ஒலித்திருக்கும்! வேறு சாட்சியங்களும் இருந்தன என்றாலும், ஒரு முறை கேட்டுவிட்டால் இந்த எண்ணை மறக்க முடியுமா? 1999 நவம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அன்பர்களே, ஒரே பெட்டிப் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு, ஒரே இரத்தம். முதல் குழந்தையின் மரணத்துக்குப் பரம்பரையில் ஏதோ ஒரு காரணம் இருந்தால், அது இரண்டாவது குழந்தையையும் தொடும். 'அதிலும்' என்ற கேள்வியை அந்தப் பேராசிரியர் கேட்கவே இல்லை. ஒரு குழந்தையை இப்படி இழந்த குடும்பங்களில் அடுத்ததும் இறக்க 100இல் 1 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், மொத்தம் 8,54,300இல் 1 ஆகிறது. குடும்பங்கள் கணக்கில்லாமல் உள்ள ஒரு நாட்டில் அது எப்போதாவது நடந்தே தீரும். 7 கோடிக்கும் 8 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெண்ணின் வாழ்க்கை.

இன்னொரு தப்பும் அதே எண்ணில் ஒளிந்திருந்தது. நடப்பது அபூர்வம் என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். கோடியில் ஒருவருக்கு விழும் பரிசு ஒருவருக்கு விழுந்தால், 'கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு, ஆகவே நீ ஏமாற்றித்தான் வாங்கினாய்' என்று யாராவது பிடிப்பார்களா? தாயே இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அபூர்வம்தானே. இரண்டு அபூர்வங்களில் எது அதிகம் என்று ஒப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் 2001 அக்டோபரில் இந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. 2000இல் முதல் மேல்முறையீடு தோற்றிருந்தது. 2003 ஜனவரியில் இரண்டாவது மேல்முறையீட்டில்தான் விடுதலை. இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகள் எதிர்த்தரப்புக்குத் தரப்படாமல் இருந்தது அதற்கு முதன்மைக் காரணம். கணக்கின் தவறையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். வெளியே வந்தும் அந்தப் பெண் தேறவில்லை. 2007இல் இறந்துபோனார்.

இது சீமையில் நடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் நடப்பது என்ன? 'பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருக்கு' என்று சந்தோஷப்படுகிறோம். பத்து தனித்தனிச் சாட்சி வந்து சொன்ன மாதிரி. தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று எதை எடுத்தாலும் அது இருவரின் நட்சத்திரத்திலிருந்தோ ராசியிலிருந்தோ எடுத்ததுதான். ராசியே நட்சத்திரத்தையும் பாதத்தையும் ஒட்டி வருவது. பத்தும் ஒரே ஊற்றிலிருந்து வரும் தண்ணீர். ஜோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதற்குள் நான் வரவில்லை. ஒரே ஆள் பத்து முறை சொன்னால் பத்துப் பேர் சொன்னதாகாது என்பது மட்டும் என் கணக்கு. சம்பந்தம் பேசும்போது உண்மையில் கேட்க வேண்டிய சார்பு வேறொன்று உண்டு. அது இரத்தத்தில் இருக்கிறது.

தாலசீமியா போன்ற சில நோய்கள், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால்தான் குழந்தைக்கு வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் ஆரோக்கியமாக இருப்பார். ஆனால் அந்த மரபணுவை உள்ளே சுமந்திருப்பார். டாக்டர்கள் கேரியர் என்பார்கள். இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4இல் 1. கணக்குக்காக ஓர் அரிய நோயை எடுத்து, ஊரில் 100 பேரில் ஒருவர் அதற்குக் கேரியர் என்று கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால் 1/100 × 1/100 × 1/4. அதாவது 40,000இல் 1. இங்கே பெருக்கலாம், மாப்பிள்ளையின் இரத்தம் பெண்ணின் இரத்தத்துக்குச் சேதி சொல்வதில்லை.

மாமன் மகளைக் கட்டினால்? மாப்பிள்ளை கேரியராக இருக்க அதே 100இல் 1. 'அதிலும்' பெண்ணும் கேரியராக இருக்க எவ்வளவு? படிப்படியாகப் போவோம். அவனுக்கு அந்த மரபணு அம்மாவிடமிருந்து வந்திருக்க பாதி வாய்ப்பு, அப்பாவிடமிருந்து பாதி. அம்மாவிடம் இருந்தது என்றால், அவள் உடன்பிறந்த மாமனிடமும் இருக்கப் பாதி. மாமனிடம் இருந்தால் அவர் மகளுக்கு இறங்கியிருக்கப் பாதி. மூன்று பாதிகளைப் பெருக்கினால் 8இல் 1. தாயம் விழும் அதே வாய்ப்பு! 100இல் 1 என்று இருந்தது 8இல் 1 ஆகிவிட்டது. வேறு வழியாக வரக்கூடிய சிறு பங்கை விட்டுவிடுகிறேன். ஆகவே குழந்தைக்கு நோய் வர 1/100 × 1/8 × 1/4, அதாவது 3,200இல் 1. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டினால் ஒரு படி குறைவு. இரண்டு பாதிதான், 4இல் 1. குழந்தைக்கு 1,600இல் 1. நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் பெருகும். ஊரில் 1,000 பேரில் ஒருவரே கேரியர் என்றால் அயலில் கட்டினால் 40 லட்சத்தில் 1. மாமன் மகள் என்றால் 32,000இல் 1. நூற்றிருபத்தைந்து மடங்கு.

உறவு விட்டுப்போகக் கூடாது என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. பிறந்த மண்ணை விட்டு வந்த பிறகு அந்த ஆசை கூடத்தான் செய்கிறது. எங்களைப் போன்ற சிறிய சமூகத்தில் வெளியே தேடினாலும் பழைய உறவாகவே முடிவதுண்டு. பயமுறுத்த இதை எழுதவில்லை. 3,200இல் 1 என்றால் 3,199 பேர் நலம். ஆனால் நோய் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் சிறிது சேர்க்கும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு 100க்கு 3 என்பது, நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களிடம் 6 ஆக இருந்தது. அப்படி மணந்தவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் வம்சாவளியினர். பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் மணந்துகொள்ளும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. நாம் பங்காளியில் கட்ட மாட்டோம், அத்தை மாமன் வழியில் கட்டுவோம். மரபணுவுக்கு அந்த முறை தெரியாது. இரண்டுக்கும் 8இல் 1தான்.

இருவரும் கேரியர் என்று ஆகிவிட்ட தம்பதியர் விஷயத்தில் கணக்கு தாயக்கட்டைக்கே திரும்புகிறது. 'நாலில் ஒன்றுதானே டாக்டர் சொன்னார், அந்த ஒன்று மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்றும் நல்லதாகப் பிறக்கும்' என்று பெரியவர்கள் தைரியம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அன்பால் சொல்வதுதான், ஆனால் தப்பு. ஒவ்வொரு பிரசவமும் புது உருட்டல். மூத்த குழந்தைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்ததற்கு அதே 4இல் 1. மூன்று குழந்தையும் நோயின்றிப் பிறக்க 3/4 × 3/4 × 3/4, 100க்கு 42தான். முன்பு பெருக்கக் கூடாது என்றேன், இப்போது பெருக்குகிறாயே என்று கேட்பீர்கள். பெற்றோர் கேரியரா என்று தெரியாதவரை குழந்தைகளின் நோய் ஒன்றையொன்று சார்ந்தது. முதல் குழந்தைக்கு வந்தது பெற்றோரைப் பற்றிய சேதி. பெற்றோரைப் பற்றித் தெரிந்த பிறகு முதல் குழந்தை சொல்ல வேறு சேதி இல்லை. பொதுக் காரணம் கைக்கு வந்துவிட்டால் சார்பு அறுந்துபோகும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கடைசியாக ஒரு கணக்கு. தாலசீமியா மேஜர் உள்ள குழந்தை சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றித்தான் வாழ வேண்டும். அப்படி ஒரு தம்பி உள்ள வீட்டில் ஆரோக்கியமான அக்கா கல்யாணத்துக்கு நிற்கிறாள். 'அந்த வீட்டுப் பெண்ணா, வேண்டாம்' என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். பெண் வீட்டாரோ தம்பியையே மறைக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. பெற்றோர் இருவரும் கேரியர் என்பதால் குழந்தை பிறக்க நான்கு வழி: ஒன்றில் நோய், இரண்டில் கேரியர், ஒன்றில் எதுவும் இல்லை. பெண் ஆரோக்கியமாக இருப்பதால் முதல் வழி அடிபட்டுப்போயிற்று. மிச்சம் மூன்றில் இரண்டு கேரியர். ஆகவே அவள் கேரியராக இருக்க 3இல் 2. இந்தியாவில் சராசரியாக 100க்கு 3 முதல் 4 பேர் பீட்டா தாலசீமியா கேரியர் என்கிறார்கள். சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி மக்களிடம் இன்னும் அதிகம். உறவில்லாத மாப்பிள்ளைக்கு 30இல் 1 என்று வைத்தால் குழந்தைக்கு நோய் வர 2/3 × 1/30 × 1/4. அதாவது 180இல் 1.

இந்த 180 எல்லாம் சோதனை செய்யாதவரைதான். இரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்க்கும் ஒரு பரிசோதனை. ஊசியில் கொஞ்சம் இரத்தம் எடுத்தால் போதும். பெண் கேரியர் அல்ல என்று வந்தால் 3இல் 2 என்ற முதல் பின்னம் 0 ஆகிறது. மாப்பிள்ளை யாராக இருந்தாலும் குழந்தைக்கு மேஜர் வர வழியில்லை. அவள் கேரியர் என்று வந்தால் மாப்பிள்ளைக்கும் அதே சோதனை செய்ய வேண்டும். அவர் கேரியர் அல்ல என்றால் அந்தப் பின்னமும் 0தான், கல்யாணத்தைத் தாராளமாகப் பேசலாம். இருவரும் கேரியர் என்று வந்தால் மட்டும்தான் மரபியல் மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அதையும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே செய்துவிடலாம்.